சேணத்தின் மேல் வைத்த காகிதம்

1642 ஜூன் 3. யார்க் நகருக்கு வெளியே ஹெவொர்த் என்ற பொட்டல்வெளி. மன்னர் முதலாம் சார்லஸ் அழைத்ததன் பேரில் அந்தக் கவுண்டியில் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் பல்லாயிரம் பேர் அங்கே கூடியிருந்தார்கள். லண்டனை விட்டுக் கிளம்பி ஐந்து மாதமாகியிருந்த மன்னருக்கு அன்று வேண்டியிருந்தது ஆள்பலமும் வாழ்த்தொலியும். கூட்டத்தில் ஒரு பகுதியினர் வேறொன்றைக் கொண்டுவந்திருந்தார்கள்: நாடாளுமன்றத்தோடு சமாதானமாகப் போங்கள், படை திரட்டாதீர்கள் என்று கேட்கும் விண்ணப்பம். மன்னரின் ஆட்கள் அதை அவர் பக்கமே போகவிடவில்லை. முப்பது வயதுத் தாமஸ் ஃபேர்ஃபேக்ஸ் மட்டும் நெரிசலைப் பிளந்துகொண்டு முன்னேறினார். மன்னர் கை நீட்டவில்லை, குதிரையைத் தட்டிவிட்டார். ஃபேர்ஃபேக்ஸ் குதிரையின் காலடியில் விழாமல் தப்பி, காகிதத்தைச் சேணத்தின் முன்மேட்டில் செருகிவிட்டு ஒதுங்கினார்.

ஆங்கில உள்நாட்டுப் போரைப் பற்றிய பொதுவான நூல்களில் இந்தக் காட்சி வந்தால், நாடகம் தொடங்குமுன் வரும் கட்டியங்காரனின் வேடிக்கையைப் போலத்தான் வரும். அடுத்த பக்கத்தில் ஆகஸ்ட் 22. நாட்டிங்ஹாமில் மன்னரின் போர்க்கொடி ஏறும். அதன் பிறகு எட்ஜ்ஹில், மார்ஸ்டன் மூர், நேஸ்பி என்று வாள்களின் கதை. 1640 முதல் 1649 வரை இங்கிலாந்தெங்கும் எழுதப்பட்ட, சுற்றுக்கு விடப்பட்ட, கையொப்பம் திரட்டப்பட்ட, அச்சடிக்கப்பட்ட விண்ணப்பங்களும் பிரகடனங்களும் அந்தக் கதையில் பின்னணி இரைச்சல். இந்த ஒதுக்கலுக்கு ஒரு வாதமும் உண்டு. அதை அதன் முழு வலுவோடு சொல்லிவிட்டே மறுக்க வேண்டும்.

வாதம் இதுதான். விண்ணப்பங்களை எழுதியவர்கள் ஜமீன்தார்கள், போதகர்கள், லண்டனில் உட்கார்ந்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஒரு கவுண்டியின் வாசகம் இன்னொரு கவுண்டியின் வாசகத்தை அச்சில் வார்த்தது போல் இருப்பதே அதற்குச் சாட்சி. கீழே குறி போட்டவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. நிலக்கிழாரின் முகத்தைப் பார்த்துப் போட்டார்கள், பாதிரியார் சொன்னார் என்று போட்டார்கள். எண்ணிக்கையோ ஊதிப் பெருக்கியது. ஆகவே இந்தக் காகிதங்களில் மக்களின் குரல் கேட்கிறது என்பது பிற்கால ஜனநாயகவாதிகளின் ஆசைக் கற்பனை. நடந்ததைத் தீர்மானித்தவை பணமும் படையும்.

இதில் உள்ள தகவல்கள் பல உண்மை. அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. இந்த முடிவுக்கு ஒரு வயதும் உண்டு. நவீன ஆய்வாளர்களின் எச்சரிக்கை உணர்வில் அது பிறக்கவில்லை. அடிபட்டவர்கள் அன்றே கட்டிய வாதம் அது. 1640 டிசம்பர் 11 அன்று ஆயர் ஆட்சியை வேரும் கிளையுமாக ஒழிக்கச் சொல்லும் விண்ணப்பத்தை லண்டன்வாசிகள் காமன்ஸ் சபைக்குக் கொண்டுவந்தார்கள். சுமார் 15,000 கையொப்பங்கள். கூட வந்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர், திருவிழாவுக்குப் போவதைப் போல நல்ல உடை உடுத்தி. இரண்டு மாதம் கழித்து அதன் மீது விவாதம் நடந்தபோது டிக்பி பிரபு எழுந்து, இதை லண்டன் நகரத்தின் விண்ணப்பமாக நான் பார்க்கவில்லை, யாரோ பதினைந்தாயிரம் பேருடையது, கையெழுத்துப் போடக் கிடைத்தவர்கள் அவ்வளவுதான் என்ற பொருளில் பேசினார். பிற்பாடு கிளாரண்டன் பிரபுவான எட்வர்ட் ஹைட் தன் வரலாற்று நூலில் இன்னும் ஒரு படி மேலே போனார்: அடக்கமான ஒரு வாசகத்தைக் காட்டிக் கையொப்பம் வாங்குவார்கள், பிறகு அந்தக் கையொப்பத் தாள்களை வெட்டியெடுத்துக் கடுமையான வேறொரு வாசகத்தோடு ஒட்டிவிடுவார்கள் என்று குற்றம் சாட்டினார். டிக்பியும் ஹைடும் மன்னர் தரப்புக்குப் போனவர்கள். தோற்ற கட்சி தன் தோல்விக்குச் சொன்ன காரணத்தை நாம் முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளாக ஆராய்ச்சி முடிவென்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மோசடி நடக்கவே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. செஷயரில் சர் தாமஸ் ஆஸ்டன் ஆயர்களுக்கு ஆதரவாகக் கையொப்பம் திரட்டியபோது, அதற்கு நேர் எதிரான ஒரு விண்ணப்பம் அச்சில் வந்தது. அதன் கீழே அவருடையதைப் போல இருமடங்கு ஆட்கள் ஒப்பமிட்டதாகக் கணக்குக் காட்டியிருந்தது. அது பொய் என்று ஆஸ்டன் கொதித்தார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். 1642 தொடக்கத்தில் லண்டன் சுமைதூக்கிகள் பெயரில் வந்த விண்ணப்பம் தன் தலைப்பிலேயே 15,000 பேர் என்றது. அந்த நகரத்தில் அத்தனை சுமைதூக்கிகள் இருந்திருந்தால் தூக்கச் சுமை போதாமல் போயிருக்கும். ஆனால் செல்லாக் காசுக்கு யாரும் கள்ள அச்சு வார்ப்பதில்லை. சாதாரணத் தொழிலாளியின் ஒப்பத்துக்குச் சந்தையில் மதிப்பு ஏறிய பிறகுதான் அதைப் போலியாகத் தயாரிக்கும் ஆசை வந்தது. பத்து வருடம் முன்பு, சார்லஸ் நாடாளுமன்றத்தையே கூட்டாமல் ஆண்ட காலத்தில், பதினைந்தாயிரம் சுமைதூக்கிகள் என்று பொய் சொல்ல எவனுக்காவது தோன்றியிருக்குமா?

மேலிருந்து வந்த வாசகம் என்பதைப் பார்ப்போம். ஆம், பெரும்பாலும் மேலிருந்துதான் வந்தது. கவுண்டியின் பெரிய மனிதர்கள் அசைஸ் நீதிமன்ற அமர்வுகளில் கூடும்போது வாசகத்தை முடிவுசெய்வார்கள். பிறகு அது பங்குகளுக்குப் போகும். ஞாயிறு பிரசங்கம் முடிந்ததும் ஆலயத்திலும், மற்ற நாட்களில் மதுக்கடையிலும் சந்தையிலும் வாசிக்கப்படும். இதில் நம்மவர்கள் பார்ப்பது வாசகம் எங்கே பிறந்தது என்பதை மட்டும். அது வந்து சேர்ந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. ஆயர்கள் வேண்டுமா வேண்டாமா, படையின் மேல் அதிகாரம் மன்னருக்கா சபைக்கா — இந்தக் கேள்விகள் அதுவரை ஒரு கிராமத்துக் கொல்லனிடம் கேட்கப்பட்டதே இல்லை. கேட்டிருந்தால் கேட்டவனுக்கும் தண்டனை, பதில் சொன்னவனுக்கும் தண்டனை. இப்போது ஒரு தாள் அவன் முன் விரிகிறது. பக்கத்து வீட்டுக்காரன் குறி போட்டுவிட்டான். இவன் போட வேண்டும், அல்லது போடமாட்டேன் என்று சொல்ல வேண்டும், அல்லது கொல்லைப்புறமாக நழுவ வேண்டும். மூன்றும் பதில்தான், மூன்றையும் ஊர் கவனிக்கும்.

ஒரே கவுண்டியில் இரண்டு தாள்கள் எதிரெதிராகச் சுற்றத் தொடங்கிய பிறகு நிலக்கிழாரின் முகம் என்ற விளக்கமும் தடுமாறுகிறது. எந்தக் கிழாரின் முகம்? 1641-42இல் இங்கிலாந்தின் மிகப் பெரும்பாலான கவுண்டிகள் விண்ணப்பம் அனுப்பின. பல இடங்களில் ஆயர்களுக்கு எதிராக ஒன்று, ஆயர்களையும் ஜெப நூலையும் காப்பாற்றச் சொல்லி இன்னொன்று. ஆஸ்டன் இரண்டாம் வகையைத் திரட்டி 1642இல் ஒரு தொகுப்பாகவே அச்சிட்டார்.

கெண்ட் கவுண்டியின் சர் எட்வர்ட் டெரிங் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பாத்திரம், ஏனென்றால் என் வாதத்தை அவர் தன் வாழ்க்கையாலேயே நிரூபித்துவிட்டார். 1641 நவம்பரில் காமன்ஸ் சபை மன்னர் ஆட்சியின் குறைகளை 204 பிரிவுகளில் அடுக்கிய பெரும் முறையீட்டை விவாதித்தது. நள்ளிரவு தாண்டி வாக்கெடுப்பு. 159க்கு 148, பதினொரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அதைவிடச் சூடான சண்டை, அதை அச்சிடலாமா என்பதில். அச்சிட்டால் அது மன்னரிடம் சொல்லும் முறையீடாக இருக்காது, மக்களிடம் சொல்லும் கதையாகிவிடும். கீழ்நோக்கி முறையிடுவோம் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை என்ற கருத்தில் டெரிங் வருந்தினார். டிசம்பரில் சபை அச்சிட முடிவுசெய்தது. அடுத்த மார்ச்சில் அதே டெரிங் எங்கே இருந்தார் தெரியுமா? மெய்ட்ஸ்டன் அசைஸ் அமர்வில், சபையின் போக்குக்கு எதிரான கெண்ட் விண்ணப்பத்தைத் தயாரிக்கும் முன்னணி ஆளாக. கவுண்டி முழுவதும் அதற்குக் கையொப்பம் திரட்ட ஏற்பாடாயிற்று. கீழ்நோக்கிப் பேசக் கூடாது என்றவருக்கே நான்கு மாதத்தில் கீழே இறங்கி வந்தாக வேண்டியிருந்தது. மக்களின் ஒப்பம் வெறும் அலங்காரம் என்றால் அவர் ஏன் சிரமப்பட்டார்?

சபை அந்த விண்ணப்பத்தைத் தூக்குப்போடும் சேவகன் கையால் எரிக்கச் சொல்லி உத்தரவிட்டது. ஏப்ரல் 30 அன்று அதையே மீண்டும் சபைக்குக் கொண்டுவந்த இளம் கவிஞர் ரிச்சர்ட் லவ்லேஸ் வெஸ்ட்மின்ஸ்டரின் கேட்ஹவுஸ் சிறைக்குப் போனார். ஆயர்களுக்கு எதிரான தாளைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொன்ன சபை இது. தனக்குப் பிடிக்காத தாளை எரித்தது, கொண்டுவந்தவனை அடைத்தது. சபையின் இரட்டை வேடத்தைச் சிரித்துக் கடக்கலாம். நான் கவனிப்பது அந்தப் பயத்தை. இரைச்சலை யாரும் நெருப்பில் போடுவதில்லை.

கட்டாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1641 மே மாதம் காமன்ஸ் சபை இயற்றிய 'புராட்டஸ்டேஷன்' என்ற உறுதிமொழியை 1642 தொடக்கத்தில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லா ஆண்களும் ஏற்க வேண்டும் என்று சபாநாயகர் லெந்தால் பெயரில் கடிதம் போனது. திரும்பி வந்த பட்டியல்கள் இன்றும் நாடாளுமன்ற ஆவணத் தொகுப்பில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. இது விருப்பத்தின் பேரில் நடந்த காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பட்டியல்களைப் புரட்டினால் மறுத்தவர்களின் பெயர் இருக்கிறது. கத்தோலிக்கர் என்ற குறிப்பு இருக்கிறது. கடலோர ஊர்களில், ஆள் கடலுக்குப் போயிருக்கிறார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் கேட்காமலே சில பங்குகளில் பெண்களும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு தேசம் ஆள் ஆளாக நின்று அரசியல் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் தந்தது அநேகமாக இதுவே முதல் முறை. கட்டாயப்படுத்தியே செய்யவைத்திருந்தாலும், ஒருமுறை பழகிய கை அதை மறக்காது. அந்தக் கடிதம் போவதற்கு முன்பே, 1642 ஜனவரி 11 அன்று பக்கிங்ஹாம்ஷயர்காரர்கள் ஆயிரக்கணக்கில் குதிரையேறி லண்டனுக்கு வந்தார்கள், தங்கள் உறுப்பினர் ஜான் ஹாம்ப்டனைக் கைதுசெய்ய மன்னரே சபைக்குள் நுழைந்ததை எதிர்த்து. அவர்களுடைய தொப்பிகளில் செருகியிருந்தது இந்த உறுதிமொழியின் அச்சுப் பிரதி. இதை அவர்கள் தொப்பியில் செருகும்படி எந்தச் சபாநாயகரும் கடிதம் எழுதவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் கேட்பார்: எல்லாம் சரி, வாசகத்தைப் பாருங்கள், தாழ்மையான விண்ணப்பம் என்றுதானே தொடங்குகிறது, மண்டியிட்டுக் கெஞ்சுகிறதே, இதில் என்ன அரசியல்? நமக்கு இந்தக் குழப்பம் எளிதாக வரும். மனு என்றதும் நம் மனக்கண்ணில் வருவது அலுவலக வாசலில் உறையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் முதியவர். பழைய இங்கிலாந்திலும் விண்ணப்பம் அப்படித்தான் இருந்தது: தன் குறையைத் தன் மேலோனிடம் அடங்கிய குரலில் சொல்வது. வரிப்பளு, விதவைக்கு உதவி, பாலம் பழுது. அதை ஊரறியச் சொல்வது முறைகேடு. பிறரோடு கூட்டுச் சேர்ந்து சொல்வது கலகத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. அந்தத் தாழ்மையான முகவுரைதான் மாட்டிக்கொள்ளாமல் உள்ளே போக உதவிய அனுமதிச் சீட்டு. 1641 ஜூலையில் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் ஒழிந்து பழைய அச்சுத் தணிக்கை சரிந்ததும் அதே விண்ணப்பம் ஒரு பென்னிக்கு விற்கும் தாளாகிவிட்டது. மேலே இருக்கும் முகவரி மன்னருக்கோ சபைக்கோ இருக்கும். வாசிப்பவன் தெருவில் நிற்பான். செயின்ட் பால் ஆலய வளாகத்துப் புத்தக வியாபாரி ஜார்ஜ் தாமசன் 1640 முதல் 1661 வரை இப்படி வந்த துண்டுப் பிரசுரங்களையும் செய்தித்தாள்களையும் விடாமல் வாங்கி, பலவற்றின் மேல் தேதி குறித்து வைத்தார். சுமார் 22,000 உருப்படிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஈஸ்ட்சீப்பில் கடைசல் பட்டறை வைத்திருந்த நெஹெமையா வாலிங்டன் அவற்றைப் படித்தார், தன் குறிப்பேடுகளில் பிரதியெடுத்தார், மன்னரின் அமைச்சர் ஸ்ட்ராஃபோர்டுக்கு எதிராக நீதி கேட்டுத் திரண்ட கூட்டத்தோடு வெஸ்ட்மின்ஸ்டருக்கும் நடந்தார். அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஸாரெட் 2000இல் வெளியிட்ட நூலில், பொதுக் கருத்து என்பது ஐரோப்பியக் காப்பிக் கடைகளில் பிறந்தது என்ற கதையை எதிர்த்து, அச்சிட்ட விண்ணப்பங்களில் அதன் பிறப்பைத் தேடினார். அவரது எல்லா முடிவுகளையும் நான் ஏற்கவில்லை. மக்களிடம் தயாராக இருந்த கருத்தை இந்தத் தாள்கள் எடுத்துச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தாள் வந்து கேட்ட பிறகுதான் பலர் தங்களுக்குக் கருத்து இருப்பதையே கண்டுகொண்டார்கள்.

வாள்தான் தீர்மானித்தது என்பவர்களை நான் 1647க்கு அழைத்துப் போக விரும்புகிறேன். முதல் போர் முடிந்துவிட்டது, மன்னர் நாடாளுமன்றத்தின் கையில். வென்ற படையின் தலைவர் யார்? ஹெவொர்த்தில் சேணத்தில் காகிதம் வைத்த அதே ஃபேர்ஃபேக்ஸ். காலாட்படைக்குப் பதினெட்டு வாரச் சம்பளம் பாக்கி, குதிரைப்படைக்கு நாற்பத்து மூன்று வாரம். மார்ச்சில் படைவீரர்கள் ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். கேட்டவை என்னவென்று பாருங்கள்: பாக்கிச் சம்பளம், போர்க்காலத்தில் செய்ததற்கு வழக்குப் போடாமல் சட்டப் பாதுகாப்பு, தானாகச் சேர்ந்தவனைக் கடல் தாண்டி அனுப்பக் கூடாது, ஊனமானவனுக்கும் விதவைக்கும் உதவி. இதில் சமத்துவமும் இல்லை, குடியரசும் இல்லை. சபைக்குக்கூட எழுதவில்லை; தங்கள் தளபதிக்குத்தான் எழுதினார்கள்.

செய்தி எட்டியதும் சபையின் முன்னணி உறுப்பினர் டென்சில் ஹோல்ஸ், பாதி உறுப்பினர்கள் வீட்டுக்குப் போய்விட்ட இரவு நேரத்தில், முழங்காலில் தாளை வைத்து எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றவைத்தார். இந்த விண்ணப்பத்தை மேற்கொண்டு நடத்துகிறவர்கள் அரசின் எதிரிகள், பொது அமைதியைக் குலைப்பவர்கள் என்றது அது. இரண்டு போர்க்காலம் சபைக்காக ரத்தம் சிந்தியவனை, சம்பளம் கேட்டு எழுதியதற்காக, எதிரி என்றது. மே மாதம், சமத்துவம் கோரிய லெவலர்கள் என்ற இயக்கத்தினரின் பெரிய விண்ணப்பத்தையும் சபை தூக்குச் சேவகனிடம் எரிக்கக் கொடுத்தது. பிறகு என்ன நடந்தது என்பதைத் தேதி வரிசையில் படித்தால் போதும். ரெஜிமென்டுகள் தங்களுக்கென்று பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தன. ஜூன் தொடக்கத்தில் சபை பயந்துபோய் ஹோல்ஸின் தீர்மானத்தைத் தன் பதிவேட்டிலிருந்தே அடித்துவிட்டது, ஆனால் நேரம் கடந்துவிட்டது. கொர்னெட் ஜாய்ஸ் என்ற இளநிலை அதிகாரி குதிரைப்படையோடு போய் மன்னரையே எடுத்துக்கொண்டு வந்தார். ஜூன் 5 அன்று நியூமார்க்கெட் அருகே, குறைகள் தீரும்வரை கலைய மாட்டோம் என்று படை உறுதிமொழி எடுத்தது. ஜூன் 14இல், தாங்கள் கூலிப்படை இல்லை என்றும் மக்களின் உரிமைக்காகப் பேசும் தகுதி தங்களுக்கு உண்டு என்றும் பிரகடனம் செய்தது. அக்டோபர் இறுதியில் புட்னி ஆலயத்தில், வாக்குரிமை யாருக்கு என்று சிப்பாயும் தளபதியும் ஒரே மேசையில் விவாதித்தார்கள். 1648 நவம்பரில் படையின் நீண்ட முறையீடு, டிசம்பர் 6 அன்று சபை உறுப்பினர்களை வாசலில் வடிகட்டிய கர்னல் பிரைட், 1649 ஜனவரி 30 அன்று மன்னரின் தலை. வாள் தீர்மானித்தது என்கிறார்கள். அந்த வாளைத் திசைதிருப்பியது ஒரு சம்பள விண்ணப்பம். அதை வாங்கிப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்திருந்தால் சபைக்கும் மன்னருக்கும் வேறு கதை அமைந்திருக்கலாம்.

இந்த இடத்தில் என் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களோடும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. லெவலர்களைக் கொண்டாடும் இடதுசாரி நண்பர்கள் அவர்களுடைய அரசியல் திட்டமான 'மக்கள் உடன்படிக்கை'யையும், 1648 செப்டம்பரில் 40,000 ஒப்பம் என்று சொல்லப்பட்ட விண்ணப்பத்தையும் மட்டும் மக்கள் குரலாக எடுத்துக்கொள்வார்கள். ஜெப நூலைக் காக்கச் சொன்ன விவசாயி ஏமாற்றப்பட்டவன். வாக்குரிமை கேட்ட நெசவாளி விழிப்புற்றவன். இதுவும் டிக்பியின் வாதம்தான், சட்டையை மாற்றிப் போட்டிருக்கிறது. எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னவன் மட்டுமே சிந்தித்தவன் என்பதை நான் எந்தப் பக்கத்திலும் ஏற்க மாட்டேன். 1645இல் டார்செட், வில்ட்ஷயர் பகுதிகளில் தடியோடு கிளம்பிய கிளப்மென்களை என்ன செய்வீர்கள்? அவர்கள் மன்னருக்கும் எழுதினார்கள், நாடாளுமன்றத்துக்கும் எழுதினார்கள். இருவருமே எங்கள் மாட்டையும் தானியத்தையும் விட்டுவிட்டுச் சமாதானமாகப் போங்கள் என்றார்கள். ஆகஸ்ட் 4 அன்று ஹாம்பில்டன் குன்றின் மேல் கூடி நின்றவர்களை நாடாளுமன்றத் தரப்புத் தளபதி கிராம்வெல்லின் குதிரைப்படை கலைத்தது. நானூறு பேர் அளவில் பிடித்துப் பக்கத்து ஊர் ஆலயத்துக்குள் அடைத்துவைத்தார்கள். எந்தக் கட்சியின் வரலாற்றிலும் அவர்களுக்குச் சிலை இல்லை. அந்த ஒன்பது வருடத்தில் எழுதப்பட்ட தாள்களில் மிகவும் சுயமானவற்றில் அவர்களுடையதும் ஒன்று என்பது என் கட்சி.

அதிகாரம் கைமாறியதும் பழைய விண்ணப்பதாரர்கள் நடந்துகொண்ட விதம் இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. 1647 நவம்பர் 15 அன்று வேர் அருகே கார்க்புஷ் வயலில் படை அணிவகுத்து நின்றது. சிலர் தொப்பியில் 'மக்கள் உடன்படிக்கை'யைச் செருகியிருந்தார்கள், ஏறக்குறைய ஆறு வருடம் முன்பு பக்கிங்ஹாம்ஷயர்காரர்கள் செய்ததைப் போலவே. கர்னல் ரெய்ன்பரோ ஃபேர்ஃபேக்ஸிடம் ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். ஃபேர்ஃபேக்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. குதிரை மேல் இருந்தவர் இப்போது அவர். தொப்பிகளிலிருந்து தாள்கள் பிடுங்கப்பட்டன. சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ரிச்சர்ட் ஆர்னல்ட் என்ற சிப்பாயை அணியின் முன்னாலேயே சுட்டார்கள். அடுத்த மே மாதம் 16ஆம் தேதி, மன்னரோடு உடன்பாடு கேட்டு வெஸ்ட்மின்ஸ்டருக்கு வந்த சர்ரே மக்களைக் காவலுக்கு நின்ற சிப்பாய்கள் அடித்து விரட்டினார்கள், சிலர் செத்தார்கள். கெண்டில் பெரிய ஜூரி, முந்தைய கிறிஸ்துமஸில் கலகம் செய்தவர்கள் மேல் வழக்கு நிலைக்காது என்று சொல்லிவிட்டு, அந்தக் கையோடு விண்ணப்பம் ஒன்றையும் எழுதியது. கவுண்டிக் குழு அதைத் தடைசெய்தது. தடைசெய்த பிறகு விண்ணப்பதாரர்கள் ஆயுதத்தோடு கூடினார்கள். ஜூன் 1 இரவு, மழையில், மெய்ட்ஸ்டனின் தெருத் தெருவாகப் போரிட்டு அவர்களை முறியடித்த தளபதியும் ஃபேர்ஃபேக்ஸ்தான்.

பெண்களை நம் பொதுக்கருத்துக்காரர்கள் ஒரு வேடிக்கைப் பத்தியாகச் சேர்ப்பார்கள். 1642 பிப்ரவரியில் ஆன் ஸ்டாக் என்ற பீர் வடிப்பவரின் மனைவி லண்டன் பெண்களின் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தபோது சபையின் தலைவரைப் போல இருந்த ஜான் பிம் வாசலுக்கே வந்து நன்றி சொன்னார். வீட்டுக்குப் போய் எங்களுக்காக ஜெபம் செய்யுங்கள் என்று அனுப்பினார். 1643 ஆகஸ்டில் வெள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு சமாதானம் கேட்டு வந்த பெண்களுக்கு நன்றி கிடைக்கவில்லை, குண்டு கிடைத்தது. 1649 ஏப்ரலில் சிறையில் இருந்த லெவலர் தலைவர்களை விடச் சொல்லி வந்தவர்களிடம், உங்கள் கணவர்களுக்குப் பதில் சொல்லியாயிற்று, போய்ப் பாத்திரம் கழுவுங்கள் என்ற பாணியில் பதில் வந்தது. இரண்டே வாரத்தில் இன்னொரு விண்ணப்பத்தோடு திரும்பி வந்தார்கள். கடவுளின் சாயல் எங்களுக்கும் உண்டு, இந்த நாட்டின் சுதந்திரத்தில் ஆண்களுக்குச் சமமான அக்கறை எங்களுக்கும் உண்டு என்று அதில் எழுதியிருந்தார்கள். ஏழு வருட இடைவெளியில் இந்த விண்ணப்பங்களை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஸ்டாக்கின் தாள் பெண்கள் வாய்திறந்ததற்கு மன்னிப்புக் கேட்கும் தொனியில் இருக்கும். 1649இன் தாளில் அந்த மன்னிப்பு இல்லை. கேட்டது கிடைத்ததா என்று மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

1660 பிப்ரவரியில் நோயாளியாகிவிட்ட ஃபேர்ஃபேக்ஸ் கடைசியாக ஒருமுறை தாளில் பெயர் போட்டார்: சுதந்திரமான நாடாளுமன்றம் வேண்டும் என்று யார்க்ஷயர்க்காரர்கள் மங்க் தளபதிக்கு அனுப்பிய பிரகடனம். நாடாளுமன்றம் வந்தது, அதன் பின்னால் மன்னரும் வந்தார். 1661 ஏப்ரல் 23 அன்று இரண்டாம் சார்லஸ் முடிசூடியபோது ஏறிச்சென்ற குதிரை ஃபேர்ஃபேக்ஸ் கொடுத்தது, நேஸ்பியில் அவரைச் சுமந்த பெண்குதிரையின் வழியில் வந்தது என்பார்கள். அதே ஆண்டு புதிய நாடாளுமன்றம் முதலில் இயற்றிய சட்டங்களில் ஒன்று விண்ணப்பங்களைப் பற்றியது. திருச்சபையிலோ அரசிலோ சட்டப்படி அமைந்த எதையும் மாற்றக் கோரும் விண்ணப்பத்துக்கு இருபது பேருக்கு மேல் கையொப்பம் திரட்டக் கூடாது. திரட்ட வேண்டுமென்றால் மூன்று நீதிபதிகளோ பெரிய ஜூரியோ முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். கொண்டுபோய்க் கொடுக்கப் பத்துப் பேருக்கு மேல் வரக் கூடாது. மீறினால் நூறு பவுண்டு அபராதம், மூன்று மாதம் சிறை.